எரிமலைக்கு வந்த பதில்

மானகிரி ஞானமணி வாயிலிருந்து ‘நீ’ என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. மீன் விற்க வருகிறவளுக்குக்கூட "வாங்கம்மா, வெயில்ல வாரீகளே" என்பார். பள்ளிக்கூட எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றபின், காரைக்குடியில் மரிய ஜெரால்டு நடத்தும் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுத்துவந்தார். கண்புரை அறுத்த கண். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் நீர் கொட்டும்.

அவருடைய பெரிய மானிட்டர் பழசு. பொத்தான்கள் எப்போதோ செத்துவிட்டன. கணினிக்குள்ளிருந்தே அதன் வெளிச்சத்தைக் குறைக்கிற ஒரு சின்ன மென்பொருள்தான் அவர் பிழைப்பைக் காப்பாற்றியது. தேவகோட்டை சிவரஞ்சனி என்ற பெண் எழுதி, இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. மூன்று வருஷம் ஓசியில் அனுபவித்த மனிதர் ஒரு வரி நன்றி எழுதினாரா? மூச்!

போன மாசம் புது மடிக்கணினி வாங்கினார். பழைய கேபிள் அதில் சேரவில்லை. கடைத்தெருவில் மலிவாக ஓர் இணைப்பான் வாங்கிச் செருகினார். படம் வந்தது, வெளிச்சம் மட்டும் குறையவே மாட்டேன் என்றது. மாதாகோயில் விழா மலர் நாலே நாளில் முடியவேண்டும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தும், பத்துப் பக்கத்துக்குள் கண் கோவைப்பழமாகச் சிவந்துவிட்டது.

வந்ததே ஆத்திரம்! அந்த மென்பொருளுக்கென்று இருந்த தமிழ்க் குழுவில் ‘எரிமலை’ என்று ஒரு கள்ளப் பெயரில் நுழைந்தார். முகம் தெரியாத இடத்தில் யாருக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது?

"வெளிச்சம் குறையவே மாட்டேங்குது. அடுத்தவன் கண்ணைக் கெடுக்கவா இதை எழுதுன? தெரியாட்டி அடுப்படியில கெட. உனக்கெதுக்கு இந்த வேலை?"

அரை மணியில் இருநூறு பேர் கைதட்டினார்கள். "சரியான சூடு" என்றான் ஒருவன். இன்னொருவன் அவளைப் பெற்றவர்களையும் சந்திக்கு இழுத்தான். சொல்லவே கூசுகிறது, ஞானமணிக்கு அன்றைக்கு நெஞ்சு குளிர்ந்துதான் போனது.

மறுநாள் சிவரஞ்சனியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது.

"ஐயா, புதுசா இணைப்பான் ஏதும் மாட்டியிருக்கீகளா? சில மலிவு இணைப்பான்ல படம் மட்டுந்தான் போகும், வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்றது போகாது. அது இல்லாம நேரடிக் கேபிள் போட்டுப் பாருங்க. கண்ணைப் பாத்துக்கங்க. எனக்கு இதுக்கு மேல தெம்பில்ல. எல்லாத்தையும் எடுத்துடப் போறேன்."

நேரடிக் கேபிள் வாங்கி மாட்டினார். வெளிச்சம் பதமாக இறங்கியது. விழா மலரும் முடிந்தது.

மன்னிப்பு எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், மறுபடி அழித்தார். மன்னிப்புக் கேட்டால் யாரென்று சொல்லவேண்டுமே! மூன்றாம் நாள் துணிந்து திறந்தபோது குழுவும் இல்லை, அவளும் இல்லை.

மலரை வாங்கிப்போக ஜெரால்டு வந்தார். "அண்ணே, நம்ம அச்சகத்துலயும் அந்தப் புள்ளையோட சாப்ட்வேருதான். இப்பத் தேடுனா காணோம். எரிமலைன்னு எவனோ ஒரு பய கண்டபடி ஏசிட்டானாம். உங்கள மாதிரி மனுசர் நாலு பேரு அங்க இருந்திருந்தா இப்படி நடக்குமாண்ணே? யாரா இருக்கும்?"

ஞானமணி திரையின் வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

"யாரோ தெரியலயே தம்பி. உக்காருங்க, காப்பி சாப்பிடுறீகளா?"