தொடர் சிகிச்சைக்கு டாக்டரம்மா சொன்ன பொருள்

டாக்டர் ரெஜினா இறந்த செய்தி, நான் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது போனில் வந்தது. பட்டாபிராமிலிருந்து அவருடைய தங்கை மகள் பேசினாள். "பெரியம்மா காலையில போயிட்டாங்க அங்கிள். கஷ்டப்படல" என்றாள். அம்பத்தூர் தொழிற்பேட்டை அருகே, தொழிலாளர் காப்பீட்டு மருந்தகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அங்கே மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தவன் நான். இப்போது மாங்காட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன்.

அவரைக் கோபக்காரர் என்றுதான் பலரும் சொல்வார்கள். எண்பதுகளில், சென்னீர்குப்பத்திலிருந்து தனபால் என்பவர் வருவார். தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டுபவர். காசநோய்க்குப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, இருமல் அடங்கியதும், "ஃபாலோ-அப் உங்க டிஸ்பென்சரியில பாத்துக்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அவர் எங்களிடம் வரவே இல்லை. சில மாதம் கழித்து ரத்தமாய்த் துப்பிக்கொண்டு வந்தார்.

"மாத்திரைய ஏன்யா நிறுத்தின?"

"ஒடம்புதான் தேறிக்கிச்சே டாக்டரம்மா. ஃபாலோ-அப்புன்னா சும்மா வந்து மூஞ்சி காட்டிட்டுப் போறதுன்னு நெனச்சிகினேன்."

திட்டப்போகிறார் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. "உம்மேல தப்பில்ல. நோய் இன்னும் உள்ள இருக்குன்னு உனக்கு யாரும் சொல்லல" என்றார். அன்று முதல், "நான் என்ன சொன்னேன், நீ சொல்லு" என்று கேட்காமல் எந்த நோயாளியையும் எழுந்துபோக விடமாட்டார். வரிசை நீண்டு வாசலைத் தாண்டும். அதற்கெல்லாம் அவர் அசையமாட்டார்.

தனபால் மறுபடி தேறியதும், 'தொடர் சிகிச்சையில் இருக்கிறார். வேலை செய்யலாம்' என்று சான்றிதழ் கொடுத்தார். கம்பெனியில் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, தீராத வியாதிக்காரனைச் சேர்க்க முடியாது என்று கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள். அன்று மத்தியானம் டாக்டர் சாப்பிடவில்லை. தனபாலையும் என்னையும் அழைத்துக்கொண்டு மேலாளர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"ட்ரீட்மென்ட் நடக்குதுன்னா இன்னும் பேஷன்ட்தானே மேடம்?" என்றார் மேலாளர்.

"நான் தினமும் பிரஷர் மாத்திரை போடுறேன் சார். கடைசி வரைக்கும் போடணும். என்னையும் வீட்டுக்கு அனுப்பிடலாமா? தொடர் சிகிச்சைன்னா, மருந்து நோயைப் பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். இவரால யாருக்கும் ஒட்டாது."

சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பிரஸ் மெஷினில் இல்லை, ஸ்டோரில். ஓவர்டைம் போய்விட்டதே என்று தனபாலுக்கு அதில் மனத்தாங்கல்தான். மருந்தை மட்டும் முழுவதும் முடித்தார். டாக்டரின் அடக்கத்துக்கு மகளோடு வந்திருந்தார்.

ஓய்வு பெற்றபின் டாக்டருக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது. நான் பார்க்கப் போயிருந்த அன்று, ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், "இனிமே சப்போர்ட்டிவ் கேர்தான் மேடம்" என்றார்.

"எனக்குப் புரியுது. என்னைப் பாத்துக்கப் போறவ இவ. இவளுக்குத் தமிழ்ல சொல்லுங்க."

இளம் டாக்டர் தயங்கினார். பிறகு தங்கை மகளைப் பார்த்து, "குணப்படுத்த முடியாதும்மா. வலி இல்லாம பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"சொல்லிட்டுக் கிளம்பாதீங்க டாக்டர். அழுது முடிச்சதும் அவ ஏதாவது கேப்பா. கொஞ்சம் உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் வெகுநேரம் அழுதாள். கடைசியில், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா?" என்று கேட்டாள். "போலாம்" என்றார். டாக்டர் தம் வீட்டில், தம் கட்டிலில்தான் இறந்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காத்திருத்தல். பெரிய வியாதிக்கான சீட்டை முதன்முதலாக நீட்டுகிறவரிடம் மருந்தைக் கொடுத்தவுடன் நான் அடுத்தவரைக் கூப்பிடுவதில்லை. கேட்க வேண்டியதை அவர் கேட்கும்வரை அங்கேயே நிற்கிறேன்.