காயில் கட்டப் பணம் தேடியபோது

பணம் கேட்டு அலைவதும் முழுநேர உத்தியோகம்தான்; சம்பளம்தான் கிடையாது. யார் ஆபீஸ் பெஞ்சிலாவது ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தொண்ணூறுகளில் நான் கோயமுத்தூரில் காது கேளாதோர் பள்ளி டீச்சர். பத்தாவது முடித்த பெண்கள் வீட்டோடு முடங்கிப்போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. என் சிநேகிதி சாந்தாமணியின் வீட்டுக்காரர் சூலூரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது சாந்தாமணிக்கு அத்துப்படி. கடைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நன்றாகவே கட்டினார்கள். தனியாக ஒரு பட்டறை, பெண்களுக்குச் சம்பளம், பணம் போடுகிறவருக்கு லாபத்தில் பங்கு. இதுதான் எங்கள் திட்டம். பணம் போடத்தான் ஆளில்லை.

எந்த இலை?

முதலில் ஒரு மில் முதலாளியிடம் போனோம். நல்ல மனுஷர். பாதி கேட்டதுமே செக் புத்தகத்தை எடுத்துவிட்டார். "நன்கொடை வேண்டாமுங்க. நீங்க போடற பணத்துக்கு லாபத்துல பங்கு தர்றோமுங்க" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். லாபம் என்ற சொல் அவரை உறுத்திவிட்டது.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். "ஏனுங்க அம்மணி, தர்மம்னா தர்மம், யாவாரம்னா யாவாரம். ரண்டையும் ஒரே எலையில பரிமாறினா நான் எதையுங்க திங்கறது?"

சத்தமான பேட்டி

அடுத்தது பேங்க். வேலை செய்யும் பெண்ணையே மேனேஜர் பார்க்கட்டும் என்று தமிழ்ச்செல்வியைக் கூட்டிப்போனோம். அவளுடைய அப்பா சோமனூரில் தறி ஓட்டுகிறவர். பொங்கலுக்குள் சம்பளம் என்று ஒன்று வராவிட்டால் மகளை அனுப்பமாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

மேனேஜர் அவளிடம் பேர் கேட்டார். அவள் என் கையைப் பார்த்தாள். அவர் இன்னும் சத்தமாகக் கேட்டார். காது கேட்காது என்று நான் சொல்லச் சொல்ல, எழுந்து நின்றே கத்தினார். கடைசியில் ஜாமீன் கேட்டார். காட்ட எங்களிடம் சொத்து இல்லை. அத்தோடு முடிந்தது. அவர் கத்திக்கொண்டிருந்தபோதே பியூன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்திருந்தார்.

"சார், பஸ் ஸ்டாப் வரைக்கும் கேக்குதுங்க. அந்தப் புள்ளைக்கு மட்டுந்தான் கேக்கல."

சிரிக்கக் கூடாது

பிறகு ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து கேமராவோடு ஒரு அம்மா ஷெட்டுக்கு வந்தார். விருந்தாளி வருகிறார் என்று பெண்கள் பூ வைத்து, இருப்பதில் நல்ல பாவாடை தாவணி கட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் கேலி செய்து சிரித்தபடி கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. உதவி செய்பவர்கள் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். கொஞ்சம் சோகமாக இருக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கையால் பேசி அவர்களுக்குச் சொன்னேன். தமிழ்ச்செல்வி கம்பியை விடாமல், ஒற்றைக் கையாலேயே பதில் சொன்னாள். அதை அப்படியே அந்த அம்மாவுக்குச் சொன்னேன்: "அழுதா காயில் நனைஞ்சு போயிருமுங்க டீச்சர்."

கம்பிக் கடை

பொங்கல் நெருங்கியது. கற்றுக்கொள்ளக் கம்பியாவது வேண்டுமே என்று உக்கடத்தில் ஒரு பாயின் செம்புக் கம்பிக் கடைக்குக் கடன் சொல்லப் போனோம். எதற்கு இவ்வளவு கம்பி என்று கேட்டார். ஆளுக்கொரு வாயாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டோம். மாதிரிக்கு நாங்கள் கொண்டுபோயிருந்த காயிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் வட்டிக்குக் குடுக்கறதில்லைங்க. கம்பியும் ஷெட்டு வாடகையும் புள்ளைங்க சம்பளமும் நான் போடறேன், வேலை நீங்க பாருங்க. லாபம் வந்தாலும் பிரிச்சுக்கலாம், நட்டம் வந்தாலும் பிரிச்சுக்கலாம்" என்றார்.

ஊரெல்லாம் நாங்கள் தொண்டை வறளச் சொல்லிப் புரியவைக்க முடியாத திட்டத்தை அவர் எங்களுக்கே சொல்லிக்கொண்டிருந்தார். சாந்தாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "நட்டம் வந்துபோட்டா நீங்க சங்கடப்பட மாட்டீங்களா பாய்?" என்றாள்.

"யாவாரம்னா அதும் வருமுங்க. பங்கு பேச வந்துபோட்டு ஏனுங்க நின்னுட்டே இருக்கறீங்க? உக்காருங்க."

முதல் வருஷம் நட்டம்தான் வந்தது; முகம் சுளிக்காமல் தன் பங்கை ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்தப் பொங்கலுக்குத் தமிழ்ச்செல்வி சம்பளத்தோடு சோமனூருக்கு பஸ் ஏறினாள்.

பணம் கேட்டுப் போன இடங்களில் எல்லாம் எங்களுக்கு நல்ல காபி கிடைத்தது. கம்பி கேட்டுப் போன இடத்தில்தான் கூட்டாளி கிடைத்தார்.