செத்த லைன்

நான் இருக்கும் ஜெர்மன் நகரத்தில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவிலக்கம் கிடையாது. அழைப்பு மணிக்குப் பக்கத்தில் பெயர் இருந்தால் கடிதம் வரும், இல்லாவிட்டால் வராது. என் பெயரோ அந்தச் சிறிய தகட்டில் அடங்காமல் பாதியிலேயே நிற்கிறது. இலங்கையில், லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இது தலைகீழ். அங்கே பெயரை யார் கேட்டார்கள்? ஆறாம் லயம், நாலாம் காம்பரா; அதாவது ஆறாவது வரிசை வீடுகளில் நாலாவது அறை. அவ்வளவுதான் நாங்கள்.

இங்கே எனக்கு டேட்டாபேஸ் மென்பொருளின் உள்ளே கைவைக்கும் வேலை. தகுதிகாண் காலம் முடியும் தறுவாயில் மேலாளர் உல்ரிகே ஒரு கோப்பைத் தந்து, வியாழக்கிழமை குழுவுக்கு விளக்கச் சொன்னார். சொதப்பினால் வேலை போகும், கூடவே விசாவும் போகும். கோப்பைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே ‘டெட் லைன்’. காலக்கெடு என்று நினைத்து, “எந்தத் தேதி?” என்று போய்க் கேட்டேன். உல்ரிகே என்னை மேலும் கீழும் பார்த்தார். “தேதி இல்லை. லைன் செத்துவிட்டது” என்றார்.

இணையமெல்லாம் மேய்ந்தும் விளங்கவில்லை. மூன்றாம் நாள், வெள்ளைக்காரத் துரை சொன்ன ‘லைன்’தானே நம் வாயில் லயமானது என்று உறைத்தது. லயம் என்றே வாசித்துப் பார்த்தேன். தகவல் காம்பராவில் குடியிருக்கிறது; அது எங்கே என்று காட்டும் விலாசம்தான் லைன். அது இடம் மாறினாலும் லைனின் நம்பர் மாறாது, புது இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். தகவலே போய்விட்டால் லைன் செத்தது. ஆனாலும் ஏதாவது ஒரு பட்டியலில் அந்த நம்பர் இருக்கும்வரை அதை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. மலையில் வெடிப்பு விழுந்து எங்கள் லயம் காலியாகி, அம்மா கீழே புது வீட்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அவருடைய கிளினிக் அட்டையில் இன்னும் ஆறாம் லயம்தான். எனக்கா இது விளங்காது!

வியாழக்கிழமை பெருமையாக ஆரம்பித்தேன்: “நான் லைனில் பிறந்தவன்.” உல்ரிகே பரிதாபமாகப் பார்த்தார். “கியூவில் நிற்கும்போதா?” சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு மணி நேரம் பேசினேன். ஏழு பேர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். வேலை நிரந்தரம் என்றார்கள்.

உடனே அம்மாவை அழைத்தேன். “லயத்து நம்பர் பாக்குற வேலைம்மா, நெலைச்சிருச்சு.”

“அத இங்க தோட்டத்து ஆபீசுல கிளாக்கரய்யாவே பாக்குறாரே! அதுக்கா அம்புட்டு தூரம் போன?”

என் படிப்பெல்லாம் அந்த இடத்திலேயே காலி. அம்மா விடவில்லை. “இருப்பா, பதிவு பாக்க கிராம சேவகரு வந்தாரு. பழைய லயத்து லிஸ்ட்ல ஒம்பேரு இன்னும் இருக்காம். வெட்டவா, வைக்கவான்னு கேக்குறாரு.”

“வைக்கச் சொல்லுங்கம்மா.”

“அப்ப வந்துருவியாப்பா?”

ஏழு பேருக்கு மூச்சுவிடாமல் பதில் சொன்ன வாய் இது. “லைன் சரியில்லம்மா” என்றேன். “ஒன்னும் கேக்கல.”

அம்மா சத்தத்தைக் கூட்டி மறுபடியும் கேட்டார்.