விருந்தன்று பொங்கிய நுரை

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தருமபுரியில் என் வீட்டு ஹாலில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் எனக்குக் கோபம்தான் வருகிறது. சிரிப்பு அதற்குப் பின்னால், வேண்டாவெறுப்பாக, மெதுவாக வந்து சேரும்.

நான் மோட்டார் கடைக்காரன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், அதற்கான சாமான்கள் விற்கிறேன். எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைக் கண்ணால் பார்க்க அரை நாளாவது ஆகும். அப்பேர்ப்பட்ட ஊரில் ஹாலின் நடுவே கடல் மீன் தொட்டி வைத்தது யார் செய்த வேலை என்று கேட்டால், நான் செய்ததுதான். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் பேச்சுக் குறைந்துபோனது. மனைவி டிவியைப் பார்க்க ஆரம்பித்தாள், நான் மீனைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி. கோமாளி மீன் என்று பெயர். சென்னையிலிருந்து பஸ்ஸில், தண்ணீர் நிரப்பிய பையை மடியில் வைத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு வருகிறவன் மாதிரி கொண்டுவந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "கொழம்புக்குங்களா?"

கடல் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கப் புரோட்டீன் ஸ்கிம்மர் என்று ஒரு கருவி உண்டு. எங்கள் பக்கம் ஆலையில் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு எளிதாகப் புரியும். கொப்பரையில் பாகு கொதிக்கும்போது அழுக்கெல்லாம் நுரையாக மேலே திரளும். அதை வழித்து ஊற்றிவிடுவார்கள். இதுவும் அதேதான், நெருப்பு மட்டும் கிடையாது. ஒரு குட்டி மோட்டார் தண்ணீரில் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகளை விடும். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் குமிழியில் ஒட்டிக்கொண்டு, ஒரு குழாய்க் கழுத்து வழியாக ஏறி, உச்சியில் இருக்கும் டப்பாவில் போய் விழும். கழுத்தும் டப்பாவும் ஒரே துண்டு; கழற்றி மாட்டலாம். இந்தக் கருவி, மீன் தொட்டிக்கு அடியில் மர அலமாரிக்குள் இருக்கும் கீழ்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கும்.

பெங்களூரில் ஒரு ஆளிடமிருந்து வரவழைத்தேன். முகம் பார்த்ததில்லை, போனில் மட்டும்தான் பழக்கம். பாதி தமிழ், பாதி கன்னடம். "சார், புது ஸ்கிம்மர் ஆரம்பத்துல அடம் பிடிக்கும். ஒண்ணு பொங்கும், இல்லன்னா சும்மா இருக்கும். அதுவா பழகற வரைக்கும் திருகைத் தொடாதீங்க" என்றான். திருகைத் தொடக்கூடாதென்றால் திருகு எதற்கு வைத்தாய் என்று எனக்குள் அன்றைக்கே ஒரு சூடு. ஆயுசு முழுக்க மோட்டாரோடு குப்பை கொட்டியவனுக்கு, கைப்பிடி அளவு மோட்டாரைப் பற்றி ஒருவன் வகுப்பெடுக்கிறான். நான் திருகினேன். காலையில் இடப்பக்கம், கடைக்குப் போகும்முன் வலப்பக்கம், வந்ததும் மறுபடி இடப்பக்கம். அதுவும் சளைக்காமல் ஒரு நாள் பொங்கியது, ஒரு நாள் முறைத்துக்கொண்டு சும்மா இருந்தது. கடைசியில் எனக்குக் கை வலித்து விட்டுவிட்டேன். விட்ட பிறகுதான் பழகியது. டப்பாவில் டீ டிகாஷன் நிறத்தில் அழுக்குச் சேர ஆரம்பித்தது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளின் வளைகாப்புக்கு நாள் பேச சம்பந்தியம்மா வந்திருந்தார். மகளும் கூட வந்திருந்தாள். சம்பந்தி வீடு எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள், மகள் தடை போட்டிருக்கிறாள். நாட்டுக்கோழிக் குழம்பு, பாயசம் என்று மனைவி விடிந்ததிலிருந்து அடுப்படியில் இருந்தாள். நான் என் பங்குக்கு ஸ்கிம்மரை நிறுத்தி, டப்பாவைக் கழற்றி, சம்பந்தியம்மாவின் மூக்குக்கு நேராகவே நீட்டி, "பாருங்க, இவ்வளவு அழுக்கையும் தானா எடுத்துடுதுங்க" என்று விளக்கினேன். அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நல்லா இருக்குதுங்கண்ணா" என்றார். அதற்குள் பக்கத்து இண்டூரிலிருந்து ஒரு விவசாயி போன். மோட்டார் ஓடுது, தண்ணி வரல என்று சத்தம். டப்பாவை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பேசினேன்.

பேசி முடித்து வந்தால் டப்பா மேடையில் பளபளவென்று கவிழ்த்து வைத்திருந்தது. எப்போதும் நான்தான் வெறும் தண்ணீரில் அலசுவேன். சரி, மனைவி அலசி வைத்திருக்கிறாள், நல்லவள் என்று நினைத்து, எடுத்து மாட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

கோழிக் காலை எடுத்துக் கடிக்கப் போகிறேன், மகள் என் பின்னால் எதையோ பார்த்து, "அப்பா, என்னப்பா அது?" என்றாள். திரும்பினேன். மர அலமாரியின் கதவிடுக்கில் வெள்ளை வெளேர் என்று நுரை. ஷேவிங் கிரீம் டப்பாவை யாரோ உள்ளே உட்கார்ந்து அமுக்குகிறார்கள் போல வந்துகொண்டே இருந்தது. தரையில் வழிந்து, நாள் பேச வரும்போது அவர்கள் கொண்டுவந்த பழத் தட்டை நோக்கி ஊர்ந்தது.

எச்சில் கையோடு ஓடினேன். முதலில் திருகை ஒரு பக்கம் கடைசி வரை திருகினேன். நுரை அதிகமானது. மறுபக்கம் திருகினேன். இன்னும் அதிகமானது. இனி நிறுத்திவிட வேண்டியதுதான் என்று ஒரு சுவிட்சைத் தட்டினேன். அது ஸ்கிம்மர் சுவிட்ச் இல்லை. கீழ்த் தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றுகிற பம்ப்பின் சுவிட்ச். அது நின்றால் மேல் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் தானாகக் கீழே இறங்கும். கீழே தண்ணீர் ஏறினால் ஸ்கிம்மர் இன்னும் பொங்கும். இதெல்லாம் எனக்குப் பாடம். அடுத்தவனுக்குப் படம் போட்டு விளக்குவேன். அந்த நேரத்தில் நான் செய்தது என்னவென்றால், நுரையை இரண்டு கையாலும் அள்ளி அலமாரிக்குள்ளேயே திரும்பப் போட்டதுதான். மனைவி வந்து, என்னை ஒரு பார்வை பார்த்து, சுவரில் இருந்த பிளக்கை மொத்தமாகப் பிடுங்கினாள். நுரை நின்றது.

அப்போதுதான் மேலே பார்த்தேன். இரண்டு மீனும் தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. எப்போதும் என் விரலைக் கண்டால் பாய்ந்து வருகிற பெரிய மீன், நான் கண்ணாடியைத் தட்டியும் திரும்பவில்லை.

பெங்களூர்க்காரனுக்குப் போன் போட்டேன். போட்டது மட்டும்தான் நினைவிருக்கிறது. அப்புறம் என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. ஓட்டைச் சாமானைத் தலையில் கட்டிவிட்டாய் என்றேன். கன்ஸ்யூமர் கோர்ட் என்றேன். மீன் செத்தால் அதைப் பார்சலில் உனக்கே அனுப்புவேன் என்றேன். அவன் நடுநடுவே, "சார், ஸ்வல்ப கேளுங்க சார், ஸ்வல்ப" என்று, கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில் சொல்லிக் கெஞ்சினான். கடைசியில் எனக்கு மூச்சு வாங்கிய இடைவெளியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அந்த டப்பாவுக்கு சோப்புப் போட்டீங்களா சார்?"

பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்கு உச்சிக்கு ஏறியது. என்னைப் பார்த்தா? ஸ்கிம்மரில் சோப்பு படக்கூடாது என்பது, பட்டால் நுரை நிற்காது என்பது, மீன் தொட்டி வைத்த முதல் நாளே எல்லோருக்கும் தெரிகிற சங்கதி. "யாருகிட்டப் பேசறன்னு தெரியுமா உனக்கு? தலையில சோப்புப் போட்டுக்கிட்டாலும் போட்டுக்குவேன், ஸ்கிம்மர்ல போடமாட்டேன்" என்று கத்திவிட்டுக் கட் செய்தேன். இதில் ஒரு கொடுமை. சற்று முன்தான் இண்டூர் விவசாயியிடம், குழாய் அடியில் இருக்கிற ஃபுட் வால்வில் குப்பை அடைத்திருக்கா பாருங்க என்று நான் கேட்டு, அவர் என்னை இதே மாதிரி வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். அதெல்லாம் அப்போது எங்கே நினைவுக்கு வந்தது. அவன் திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். கையில் போன் அடித்துக்கொண்டே இருக்க, நான் ஹாலில் நின்று, இவனை என்ன செய்கிறேன் பார் என்று மனைவியிடம் முழங்கிக்கொண்டிருந்தேன்.

சம்பந்தியம்மா கை கழுவிவிட்டு அடுப்படியிலிருந்து வந்தார். தரையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், முகம் வாடிப்போனது.

"ஏனுங்கண்ணா, இன்னும் அழுக்குப் போவலீங்களா? நல்லாத்தானே தேச்சேன். சோப்புப் போட்டு, தேங்கா நாரு வெச்சு, அந்தக் கழுத்துக்குள்ளகூட வெரல வுட்டுத் தேச்சேனுங்க. வந்த வூட்டுல ஒரு பாத்திரம் நாறிக்கிட்டுக் கெடக்குது, பாத்துக்கிட்டு எப்பிடி உக்காந்திருக்கறது?"

என் கையில் போன் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது.

என் வாய் திறந்தபடியே இருந்தது. திட்டுவதற்கென்று திறந்த வாய்தான். மகள் சம்பந்தியம்மாவுக்குப் பின்னால் நின்று, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்தாள். அப்பா, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வந்தது என்றால், என்று அந்தப் பார்வையில் எழுதி ஒட்டியிருந்தது. என் வாயிலிருந்து, எனக்கே கேட்கச் சகிக்காத ஒரு குழைவான குரலில் வந்தது இது: "அய்யோ, ரொம்ப நல்லா கழுவியிருக்கீங்க. எங்க வூட்டுல யாரும் இவ்வளவு சுத்தமா கழுவறதில்லீங்க."

மனைவி சட்டென்று உள்ளே போய்விட்டாள். அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரியும்.

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். எடுத்ததும் பெங்களூர்க்காரன், "சார், என்னைத் திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம். மீன் என்ன பண்ணுது, அதச் சொல்லுங்க" என்றான். சொன்னேன். "சோப்பா?" என்றான். "சோப்புதான்" என்றேன். "யார் சார் போட்டது?"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சம்பந்தியம்மாவின் புடவைத் தலைப்புத் தெரிந்தது. "நான்தான்" என்றேன்.

அவன் சிரித்தான். அடக்கிக்கொள்ளத்தான் பார்த்தான், முடியவில்லை. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்கு ஒருவன் சிரிப்பதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். இந்த அநியாயத்துக்கு எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது?

சிரித்து முடித்து வேலையைச் சொன்னான். கீழ்த் தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறைத்து வெளியே ஊற்றச் சொன்னான். மேல் தொட்டியில் காற்று மோட்டாரைப் போடச் சொன்னான். மறுநாள் மாற்றுவதற்காக உப்புக் கலந்து வைத்திருந்த தண்ணீர் டிரம்மில் இருந்தது என் நல்ல நேரம். "ஸ்கிம்மர் பெட்டியில ஒரு பை கரி வெச்சிருந்தேன் சார், தண்ணியில இருக்கற சோப்பை அது இழுத்துக்கும். காசு போடல. இருக்கா?" என்றான். இருந்தது. வந்த அன்றே, எதையோ தலையில் கட்டுகிறான் என்று பிரிக்காமல் பரண் மேல் எறிந்திருந்தேன். அதைப் பிரித்துத் தண்ணீர் விழுகிற இடத்தில் போட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, பம்ப்பை ஓட்டினோம். ஸ்கிம்மரை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும் என்றான். "அதையும் குடுங்கண்ணா, நானே தேச்சுத் தரேன்" என்று சம்பந்தியம்மா கையை நீட்டினார். நான் ஸ்கிம்மரை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வாளித் தண்ணீர் மாற்றிய பிறகும் அவன் கூப்பிட்டு, மீன் மூச்சு எப்படி விடுகிறது என்று கேட்டான். சாயந்திரம் சின்ன மீன் முதலில் கீழே இறங்கியது. பெரியது இன்னும் மேலேயே இருந்தது. வளைகாப்புக்கு எந்த நாள் குறித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர்கள் கிளம்பும் நேரத்துக்குத் தொட்டியில் விரலை வைத்தேன். பெரிய மீன் மெதுவாக வந்து, ஒரு கணம் யோசித்து, நறுக்கென்று கடித்தது. என் கண்ணில் தண்ணீர் வந்தது. கடி வலிக்கவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் பெங்களூர்க்காரனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார். தினமும் ரெண்டு பேராவது இப்படித் திட்டறாங்க. மறுநாள் யாரும் கூப்பிடறதில்ல, நீங்க கூப்பிட்டீங்க" என்றான். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை, சுருக்கென்றது. இப்போது மீன் வளர்ப்பவர்கள் குழுவில், சோப்புப் போட்டு ஸ்கிம்மர் கழுவிய மோட்டார் கடைக்காரர் என்று என் புகழ் பரவியிருக்கிறது. பெயர் சொல்லவில்லை, ஊர் மட்டும் சொல்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ரத்தம் கொதிக்கிறது. மறுக்கவும் முடியவில்லை, அந்தக் குழுவில் என் மாப்பிள்ளையும் இருக்கிறார்.

ஆனாலும் ஒன்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அது பொய், என் கோபத்துக்குக் கண் நன்றாகவே தெரிகிறது, எதிரில் இருப்பது சம்பந்தியம்மாவா, போனில் இருக்கும் முகம் தெரியாத ஒருவனா என்று பார்த்துத் தெரிந்துகொண்டுதான் அது வெளியே வருகிறது.