ஐரிஷ் பப்பை விசாரிக்கப் போன கதை

பாரிஸ் லாச்சப்பலில் எங்கள் ஆட்களின் கடைகள் முடிந்து, தெரு கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் திரும்புகிற மூலையில் ஓர் ஐரிஷ் பப் இருக்கிறது. வெளிச்சுவர் முழுக்கப் பச்சை. கதவுக்கு மேலே தங்க நிறத்தில் ஒரு யாழ். யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு அந்த யாழைப் பார்த்தாவது கொஞ்சம் பாசம் வந்திருக்கலாம். எனக்கு வரவில்லை. பதினெட்டு வருடமாக வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைக் கடந்திருக்கிறேன். மழைக்கு அதன் வாசலில் ஒதுங்கியிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

பார்க்க வைத்தது என் மகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புறநகர் செவ்ரானில் எங்கள் வீட்டில், மத்தியானச் சாப்பாட்டின் நடுவே அவள் சொன்னாள்: அயர்லாந்தில், டப்ளினில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த திங்கட்கிழமைக்குள் கொந்திராவில், அதுதான் வேலை ஒப்பந்தத்தில், கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். அவள் இங்கே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இருபத்துநாலு வருடமாக வீடு அப்படித்தான் ஓடுகிறது. அன்றும் பிரெஞ்சில்தான் சொன்னாள்.

“நீங்கள் வேண்டாம் என்றால் நான் போகமாட்டேன், அப்பா. ஆனால் ஏன் வேண்டாம் என்பதற்கு நீங்கள் காரணம் சொல்ல வேண்டும்.”

அவள் சண்டை பிடித்திருந்தால் பரவாயில்லை, நானும் பிடித்திருப்பேன். முடிவை என் சோற்றுக் கோப்பையில் வைத்துவிட்டு அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டாள்.

“அங்கை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?”

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எங்கள் பக்கத்தில் யாரும் ஒரு பிள்ளையை வெளியே அனுப்புவதில்லை. நாடு எப்படி, சம்பளம் எப்படி என்பதெல்லாம் பிறகு. நான் பாரிசுக்கு வந்து இறங்கியபோது என் சட்டைப்பையில் இருந்த ஒரே சொத்து ஒரு தொலைபேசி எண்தான். அந்த எண்ணுக்கு உரியவர் எனக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. ஆனாலும் வந்து கூட்டிக்கொண்டு போய் ஒரு உணவகத்தின் குசினியில் சமையல் வேலைக்குச் சேர்த்துவிட்டார். இருபத்தாறு வருடமாக நான் குசினிக்காரன். எங்கள் குளிர்ப்பெட்டிக் கதவில் இப்போதும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. லண்டன், டொரொண்டோ, சூரிச், ஒஸ்லோ என்று ஒவ்வொரு நகரத்துக்கும் ஓர் எண். டப்ளின் மட்டும் அதில் இல்லை.

திங்கட்கிழமை முழுக்க லாச்சப்பலில் விசாரித்தேன். மரக்கறிக் கடைக்காரர், “அயர்லாந்து எண்டால் லண்டனுக்குப் பக்கத்திலைதானே அண்ணை, லண்டனிலை ஆக்கள் இருக்கினம்” என்றார். புடவைக் கடையில், டப்ளினில் ஒருவர் இருந்தார் என்றார்கள், போன வருடம் கனடாவுக்குப் போய்விட்டாராம். இன்னொருவர் எண்ணே தந்தார். எடுத்துப் பேசினால் அந்த மனிதர் இருப்பது ஸ்கொட்லாந்தில். அவர் என்னோடு அரைமணித்தியாலம் அங்கத்தைய குளிரைப் பற்றிக் கதைத்தார். எனக்கு வந்த எரிச்சலில் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்தப் பச்சைச் சுவர் கண்ணில் பட்டது. கை எட்டுகிற தூரத்தில் எனக்கு இருந்த அயர்லாந்து அது ஒன்றுதான். பெண்ணைக் கொடுக்க முதல் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்க்கிறோம், அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம். இங்கே பிள்ளை ஒரு நாட்டுக்கே போகப்போகிறாள். அந்த நாட்டின் கடையையாவது பார்க்க வேண்டாமா? இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று அது மிகவும் சரியான யோசனையாகத் தெரிந்தது.

குசினிக்காரன் ஒரு கடையை முன்பக்கத்தால் பார்க்கமாட்டான். அங்கே எல்லாம் பூச்சு. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் பின்பக்கச் சந்துக்குப் போனேன். குப்பைத் தொட்டிகள் மூடி இருந்தன. வாசல் படியில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு கதவைத் தட்டினேன். திறந்தவர் நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்று.

“அண்ணை, வேலை கேட்டோ வந்தனீங்கள்? இப்ப ஆள் தேவையில்லை.”

“வேலை இல்லைத் தம்பி. இந்த ஐரிஷ்காரர் எப்பிடியான சனம் எண்டு கேக்க வந்தனான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எந்த ஐரிஷ்காரர்?”

“இந்தக் கடைக்காரர்.”

“முதலாளி பிரெஞ்சுக்காரர் அண்ணை. பாரிலை நிக்கிறவன் பிரெத்தோன், அவனும் பிரான்ஸ்தான். சாமான் இறக்கிறது ஒரு மாலி நாட்டுக்காரர். குசினியிலை நான், யாழ்ப்பாணத்திலை அரியாலை. ஐரிஷ் எண்டது போர்ட்டிலை மட்டும்தான் இருக்கு.”

மகளுடைய விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது விளங்கியதா என்று எனக்கு விளங்கவில்லை. “பிள்ளைக்கு இஞ்சை சேர்விசிலை, பரிமாறுற வேலையோ?” என்று கேட்டார். இல்லை, டப்ளினில் என்றேன். “அப்ப ஏன் இஞ்சை விசாரிக்கிறியள்?” என்றார். “உள்ளை ஒருக்கால் பாக்கலாமோ?” என்றேன். குசினியைக் காட்டினார். பொரிக்கிற எண்ணெய் அன்றைக்கு மாற்றியது, தட்டுக் கழுவுகிற இடம் துப்புரவு, கத்திகள் வரிசையாக இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் துப்புரவு அரியாலையின் துப்புரவு. அதை வைத்து நான் அயர்லாந்தை எப்படி மதிப்பிடுவது? போனபோது இருந்ததைவிடக் கூடுதலாகக் குழம்பித்தான் வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, துணிந்து முன்கதவால் போனேன். வேலைக்கு அல்லாமல் ஒரு கடையின் முன்கதவால் தனியே நுழைந்தது எனக்கு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். உள்ளே அரை இருட்டு. கூரையிலிருந்து ஒரு பழைய சைக்கிள் தொங்கியது, ஏன் என்று தெரியவில்லை. சுவர் அலமாரியில் யாரும் வாசிக்காத புத்தகங்கள். மேசைக்குப் பதில் பீப்பாய்கள். தொலைக்காட்சியில் சேற்றுக்குள் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள், சத்தம் நிறுத்தப்பட்டிருந்தது. ஒரு மூலையில் உட்கார்ந்து, பரிமாற வருவார்கள் என்று காத்திருந்தேன்.

யாரும் வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பாரில் நின்றவன் என்னைப் பார்த்தான், தலையை ஆட்டினான், மறுபடி கிளாஸ் துடைத்தான். இருபது நிமிடம் ஆனதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. சரி, விசாரணை முடிந்தது. கறுத்தவன் ஒருவன் வந்து உட்கார்ந்தால் ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்காத சனம். இந்தச் சனத்திடமா என் பிள்ளையை அனுப்புவது? காரணம் கிடைத்துவிட்டது என்று எழும்பினேன். கோபத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வேண்டாம் என்று சொல்ல நான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

“நீங்கள்தான் எழும்பிப் போய்க் கேட்க வேண்டும்” என்றது ஒரு குரல், ஆங்கிலத்தில்.

அடுத்த பீப்பாயில் ஒரு அம்மா. அறுபத்தைந்து வயது இருக்கும். மழை அங்கியைக் கழற்றாமல், காலடியில் ஒரு சிறிய பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். பப்பில் மேசைக்கு யாரும் வரமாட்டார்கள், பாருக்குப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும், எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபத்தாறு வருடம் உணவகத்தில் வேலை செய்தவனுக்கு ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிடத் தெரியவில்லை.

எங்கள் ஊர் என்றாரே. “நீங்கள் ஐரிஷோ?” என்று கேட்டேன். ஆமாம் என்றார். அந்தக் கடையில் இருந்த ஒரே ஐரிஷ் ஆள் அவர்தான், அவரும் அன்று மத்தியானம்தான் வந்து இறங்கியிருக்கிறார்.

நான் விசாரணையை எப்படித் தொடங்குவது என்று யோசிப்பதற்குள் அவருடைய தேநீர் வந்தது. தேநீருக்கு மட்டும் பாரிலிருந்து ஆள் வந்தான். ஒரு கோப்பை சுடுதண்ணீர், பக்கத்தில் சிறு தட்டில் ஒரு தேயிலைப் பை. அந்த அம்மா அதைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. எழும்பிப் போனார். தண்ணீர் கொதிக்க வேண்டும், கேத்தலில் தேயிலை முதலே இருக்க வேண்டும், பால் வேண்டும் என்று விரல் நீட்டிச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார். இதே சண்டையை நான் இந்த நாட்டுக் குசினிகளில் இருபத்தாறு வருடமாகப் போட்டு ஒருநாளும் வென்றதில்லை. அவர் முதல்நாளே வென்றுவிட்டார். இரண்டாவது கோப்பையில் எனக்கும் ஊற்றினார். சாயம் பிடித்த, பால் விட்ட தேத்தண்ணி.

குடித்துக்கொண்டே அவர் கேட்டார்: “நீங்கள் இந்தப் பகுதியா?”

ஓம் என்று சொல்லலாம்தானே. பதினெட்டு வருடம். ஓம் என்றேன்.

அவர் கதிரையைக் கிட்ட இழுத்தார். அவருடைய மகள் பின்தெருவில் ஓர் அறை எடுத்திருக்கிறாள். இங்கே வேலை கிடைத்து வந்து மூன்று மாதம். ஏழு மணிக்குத்தான் வேலை முடியும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவள் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். தாய்க்கு மனம் கேட்காமல் பார்க்க வந்திருக்கிறார். நிலையத்திலிருந்து வந்த வழியில் கடை வாசல்களில் கூட்டம் கூட்டமாக ஆண்கள் நின்றார்களாம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல், தெரிந்த அடையாளமாக இந்தப் பச்சைக் கடைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

“உண்மையைச் சொல்லுங்கள். இங்கே ஒரு பெண்பிள்ளை தனியாக இருக்கலாமா?”

விசாரிக்க வந்தவன் நான். என்னையல்லவா விசாரிக்கிறார்! அந்த வாசல்களில் நிற்கிறவர்களில் பாதிப்பேரை எனக்குத் தெரியும். அவர்கள் சும்மா கதைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் என்றேன். என்ன கதைப்பார்கள் என்று கேட்டார். விசா, காணி, அரசியல், முழங்கால் வலி என்றேன். அவர் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. நாலு நாளாக என் மனைவியின் முகத்திலும் அதேதான் இருந்தது, என் முகத்திலும் இருந்திருக்கும்.

“நல்ல இடம். பயமில்லை. பிள்ளை இருக்கட்டும்” என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். யோசிக்கவே இல்லை. பிறகு, யாரும் சொல்லாமலே என் கை பேனாவை எடுத்தது. கிளாசுக்குக் கீழே வைக்கிற அட்டை ஒன்றில் என் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். “இஞ்சை உங்களுக்கு ஆள் இருக்கு எண்டு மகளிடம் சொல்லுங்கள்” என்பதை எப்படி ஆங்கிலத்தில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். அவருக்கு விளங்கியது.

அதன்பிறகுதான் என் மகளைப் பற்றிச் சொன்னேன். அவர் என் பேனாவை வாங்கி இன்னோர் அட்டையில் தன் பெயரையும் எண்ணையும் ஊரையும் எழுதினார். போகும்போது ஒரு கையில் என் அட்டையைப் பிடித்தபடி, மற்றக் கையால் என் கையை இரண்டு தரம் தட்டினார்.

வீட்டுக்குப் போனபோது மனைவியும் மகளும் மேசையில் இருந்தார்கள். கொந்திராவும் இருந்தது. நான் அட்டையை அதன்மேல் வைத்தேன்.

“என்னப்பா இது?”

“அங்கை எங்களுக்கு ஒரு ஆள் இருக்கு.”

மகள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊரின் பெயரை வாசிக்க வராமல் கைத்தொலைபேசியில் தேடினாள். “இது டப்ளினில் இல்லையே. ரயிலில் மூன்று மணித்தியாலம்” என்றாள்.

“செவ்ரான் ரயில் நிண்டுபோற நாளிலை நாங்கள் அதைவிடக் கூட நேரம் நிக்கிறனாங்கள்.”

“ஆள் எப்பிடி?” என்று கேட்டாள் மனைவி.

“தேத்தண்ணி ஒழுங்காப் போடத் தெரிஞ்ச மனுசி” என்று தொடங்கி, பப்புக்குப் போன கதையைச் சொன்னேன்.

“அப்போ அந்தக் கடை நல்ல கடையா, அப்பா?” மகள் பிரெஞ்சில் கேட்டாள். அவள் கேட்டது கடையைப் பற்றி அல்ல என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அந்தக் கடையைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒரு முடிவும் இல்லை. சைக்கிள் ஏன் தொங்குகிறது என்றும் தெரியாது.

“கடை எப்பிடியோ தெரியாது பிள்ளை. நீ போ” என்றேன். போகாதே என்று சொல்ல இன்னும் ஆசையாகத்தான் இருந்தது.

“ஓம் அப்பா” என்றாள் அவள், தமிழில்.

மனைவி எழும்பிப் போய், குளிர்ப்பெட்டிக் கதவுத் தாளில், ஒஸ்லோவுக்குக் கீழே அந்த எண்ணை எழுதினாள். பக்கத்தில் ‘டப்ளின்’ என்று போட்டாள். அந்த ஊர் டப்ளின் இல்லை என்று மகளும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.