நிறுத்திவைத்த நகல்

எங்கள் அலுவலகத்தின் மூன்று ஃபைல் சர்வர்களையும் கவனிப்பது என் வேலை. ஒருநாள் காலை, எல்லாம் மந்தமாக இருக்கிறது என்று புகார் வரவே, ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் பாதுகாப்புக்காகத் தானாக நகல் போவதை நிறுத்திவைத்தேன். வேகம் கூடியது. அது மகளுக்குப் பொதுத்தேர்வு நடந்த வாரம். வேறெதுவும் மனதில் நிற்கவில்லை. நகலைத் திரும்பத் தொடங்க மறந்தே போனேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த சர்வரின் டிஸ்குகள் பழுதாயின. காண்ட்ராக்ட் தொழிலாளர்களைப் பணி நிரந்தரம் செய்வதற்கான பட்டியல் அதில்தான் இருந்தது. மறுநாளே அனுப்பாவிட்டால் அத்தனை பேரின் வாய்ப்பும் போய்விடும். மற்ற சர்வரில் தேடினேன்; இரண்டு மாதப் பழைய பட்டியல்தான் கிடைத்தது.

பட்டியலைத் தட்டச்சு செய்யும் செல்வி வந்தார். மந்தாரக்குப்பத்துக்காரர். அவரும் காண்ட்ராக்ட்தான், அவர் பெயரும் பட்டியலில் உண்டு.

“என் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருக்குது சார். நேத்து வரைக்கும் ஏத்திக்கினுதான் இருந்தேன்.”

“தனியா வைக்கக் கூடாதுன்னு சொன்னேனேம்மா?”

“சொன்னீங்க. எல்லார் எதிர்லயும் திட்டுனீங்க. பதினோரு வருஷமா காத்துக்கினு இருக்கேன் சார், உங்க மிஷினை நம்பி வுட முடியுங்களா?” என்று சிரித்தார்.

அந்தக் காப்பியை வைத்தே பட்டியலை அனுப்பினோம். மாலையில் மேலாளர், “நல்லவேளை, காப்பாத்திட்டீங்க” என்று என் கையைக் குலுக்கினார். செல்வி பக்கத்தில்தான் நின்றார். விதியை மீறியதாக அவருக்குச் சிக்கல் வருமே என்றுதான் பேசவில்லை எனச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நகலை நிறுத்தியது யார் என்ற கேள்விக்குப் பயந்தேன்.

நான் பர்மனன்ட். மிஞ்சிப்போனால் ஒரு மெமோ வந்திருக்கும். இன்றும் அவர், “டீ சாப்ட்டீங்களா சார்?” என்று கேட்கும்போது, திரையைப் பார்த்தபடியேதான் பதில் சொல்கிறேன்.