ஓட்டாமல் விட்ட கடைசி ரீல்

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஏ.சி. அதை என் கணவர் சினிமா டிஸ்க்குகளுக்காக வாங்கி மாட்டினார். ஒத்தக்கடையில் நாங்கள் கட்டிய வீட்டின் சின்ன அறையில், சித்திரை வெயிலிலும் அட்டை வளையாமல், பசை விட்டுப்போகாமல், அவை சொகுசாக இருக்கின்றன. நான் பக்கத்து அறையில் ஃபேனுக்குக் கீழே வியர்த்து வழிந்தபடி பரீட்சைப் பேப்பர் திருத்துவேன். எனக்குப் பசுமலையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. காலையில் ஊருக்குள் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். சாயங்காலம் திரும்பவும் அதே இரண்டு பஸ். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

அவர் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து, சர்க்கரை நோய் படுத்தியதால் முன்கூட்டியே வேலையை விட்டவர். அவர் சேர்ப்பது எல்லாம் வெளிவந்த காலத்தில் யாரும் சீந்தாத படங்கள். பத்து இருபது வருஷம் கழித்து எங்கோ ஒரு கூட்டம் அந்தப் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும். உடனே ஏதாவது ஒரு கம்பெனி பழைய நெகட்டிவைத் தேடிப்பிடித்துச் சுத்தம் செய்து, கனமான அட்டைப்பெட்டி, ஒரு புத்தகம், மடித்து வைத்த போஸ்டர் எல்லாம் சேர்த்து, பெட்டிக்குப் பெட்டி நம்பர் போட்டுக் கொஞ்சம் பிரதிகளை மட்டும் விற்கும். அதற்குப் பெயர் லிமிடெட் எடிஷன். முடிந்தவரை எதையும் இரண்டாக வாங்குவார். பார்ப்பதற்கு ஒன்று, சீல் பிரிக்காமல் வைத்துக்கொள்வதற்கு ஒன்று. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்து, பிறகு தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் ஒரு படத்தில் மட்டும் எனக்கும் பங்கு உண்டு. கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்த முதல் படம் அது. ஆளரவமில்லாத ஒரு ரயில்வே கேட், கேட்கீப்பர், அவன் மனைவி. ஒருநாள் அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஒரு ரயிலில், சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சொல்லி ஏறிப்போகிறான். அவள் தினமும் விளக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டில் நிற்கிறாள். தியேட்டரில் விரல் விட்டு எண்ணக்கூடிய கூட்டம். கதை முடிகிற நேரத்தில் பொசுக்கென்று லைட்டைப் போட்டுவிட்டார்கள். இம்புட்டுப் பேருக்குக் கடைசி ரீல் ஒரு கேடா என்று ஆபரேட்டர் நினைத்திருப்பார். ஓடாத படங்களுக்கு அப்படிச் செய்வது அப்போது சகஜம்தான்.

அன்று பஸ்ஸில் ஆரம்பித்தது எங்கள் வழக்கு. அவன் திரும்பி வந்திருப்பான் என்று இவர் சாதித்தார். போனவன் எங்கே வரப்போகிறான் என்று நான். மறுநாள் போய்ப் பார்க்கலாமென்றால் படத்தைத் தூக்கிவிட்டார்கள். பிற்பாடு இன்டர்நெட்டில் கிடைத்த பிரிண்டிலும் கடைசி ரீல் இல்லை. சமையலறையில், கல்யாண வீட்டில், கோயிலுக்குப் போகிற வழியில் என்று முப்பது வருஷமாக அந்தக் கேட்கீப்பரை வைத்துச் சண்டை போட்டிருக்கிறோம். எங்களுக்குள் சிரித்துக்கொண்டே போட்ட சண்டை அது ஒன்றுதான்.

போன வருஷம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அந்தப் படத்தைக் கடைசி ரீலோடு முழுசாகக் கண்டெடுத்து வெளியிட்டது. இவருக்கு ஒரே ஒரு பிரதிதான் கிடைத்தது. பார்சல் வந்த அன்று, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தண்ணீர் குடிப்பதற்குள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மேலுறையைப் பிரித்துப் பெட்டியை எடுத்தார். கண்ணாடிக் காகிதச் சீலைத் தடவினார், நான்கு மூலைகளையும் விரலால் நெருடிப் பார்த்தார். பிறகு முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“எம்புட்டு அழகா வரைஞ்சிருக்கான் பாரு,” என்றார்.

பெட்டி தலைகீழாக இருந்தது. அட்டைப்படத்தில் கேட்டும் விளக்கும் கவிழ்ந்து கிடக்க, ரயில் மேலே வானத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வேற்றுமொழிப் படம் பார்ப்பதை அவர் நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. கீழே ஓடும் எழுத்தைப் படிக்கப் பொறுமையில்லை என்று சொல்லியிருந்தார். படம் பார்ப்பதை விட்டுவிட்டு அட்டையைத் தடவிக்கொண்டிருக்கிறீர்களே என்று நானும் கிண்டலடித்திருந்தேன். டீயை அவர் டம்ளருக்கு வெளியே ஊற்றியபோதுகூடக் கவனம் போதாது என்றுதான் கடிந்துகொண்டேன்.

சர்க்கரைக்காக அவர் தனியாகவே போய்வந்துகொண்டிருந்த கண் ஆஸ்பத்திரிக்கு, அடுத்த தடவை அவர் வேண்டாம் வேண்டாமென்று சொல்லியும் லீவு போட்டு நானும் கூடவே போனேன். போன பார்வை போனதுதான் என்றார் டாக்டர். இருப்பதை ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். இவருக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. வீட்டில் என்னிடம் எல்லாம் நல்லா இருக்காம் என்று ஒரே வரியில் முடித்திருந்தார். திரும்பும்போது பஸ்ஸில், ஏன் சொல்லவில்லை என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. அவராகத்தான், நீயே அலுத்துப்போய் வாரவ, ஒன்கிட்ட எதச் சொல்ல, என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே முனகினார்.

அன்றிலிருந்து நான் அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிடுவோம் என்று நச்சரிக்க ஆரம்பித்தேன். இருக்கிற பார்வை இருக்கும்போதே அந்தக் கடைசி ரீலை இருவரும் சேர்ந்து பார்த்துவிட வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். அவர் பிடி கொடுக்கவில்லை. சீல் பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்றார். நல்ல டிவி வாங்கிய பிறகு பார்க்கலாம் என்றார். ஈஸ்டர் வரட்டும், தவக்காலம் முடியட்டும் என்றார். சினிமாவுக்கு அவர் தவக்காலம் பார்த்து எனக்கு நினைவில்லை. ஒருநாள் பொறுமை கெட்டு, அந்த அட்டையைக் கட்டிக்கொண்டே இருங்கள், நான் எப்படியோ போகிறேன் என்று கத்திவிட்டேன். அவர் திரும்பக் கத்தவில்லை.

“பிரிச்சுப் போட்டு, எனக்குத் தெரியலைன்னா?” என்றார்.

இத்தனை நாள் அந்தச் சீல் எதைக் காத்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. கோபமெல்லாம் இறங்கி, எனக்கு வெறும் அசதிதான் மிஞ்சியது. “தெரியலைன்னா நான் சொல்றேன்,” என்றேன். “நாளெல்லாம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்றவதான நான்?”

இரண்டு மூன்று வாரம் அந்தப் பேச்சே எழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, கறிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டு, நான் கொஞ்சம் கட்டையைச் சாய்க்கலாம் என்று பாயை விரித்தேன். அவர் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். “இந்தா, நீயே பிரி. எனக்குக் கை வரல.”

காய் நறுக்கும் கத்தியால் ஓரத்தைக் கீறினேன். கழன்று வந்த கண்ணாடிக் காகிதத்தை அவர் வாங்கி, ஒழுங்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டிவியும் அந்தச் சின்ன அறையில்தான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் அந்த ஏ.சி.யில் நிம்மதியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அவர் நாற்காலியை டிவிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சம் தெரியுது, ஆளுக தெரியல என்று கொஞ்ச நேரத்தில் அவரே சொல்லிவிட்டார். ஆனால் வசனம் முழுக்க அவருக்கு மனப்பாடம். கேட்கீப்பர் பேசுவதற்கு முன்னால் இவர் பேசினார். தியேட்டரில் லைட் எரிந்த இடம் வந்ததும், இந்த எடந்தான் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு படத்தில் பேச்சே இல்லை. காற்றுச் சத்தமும் தண்டவாளச் சத்தமும்தான். நான் சொல்ல ஆரம்பித்தேன். இருட்டு. கேட் மூடியிருக்கிறது. அவள் விளக்கோடு நிற்கிறாள். தலையில் நரை விழுந்திருக்கிறது. தூரத்தில் ஒரு வெளிச்சம். ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எறங்கிட்டானா?” என்றார் அவர்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். முப்பது வருஷ வழக்கில் அவர் ஜெயித்திருப்பார். பாவம், ஜெயிக்கட்டுமே என்றும் தோன்றியது. ஆனால் இனிமேல் அவர் பார்க்கப்போவது முக்கால்வாசியும் என் வாய் வழியாகத்தான். முதல் தடவையே பொய் சொல்லித் தொடங்க எனக்கு மனசு வரவில்லை.

“எறங்கல,” என்றேன். “உள்ள யாருமே இல்ல. அவ வெளக்கக் கீழ வச்சுட்டு, அவளே ஏறுறா.”

ரயில் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவன் வரவில்லை என்பதில் நான் ஜெயித்திருந்தேன், ஆனால் அவளே ஏறிப்போவாள் என்று இருவருமே நினைத்ததில்லை.

“அப்ப அந்தக் கேட்ட யாரு தொறப்பா?” என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. துடைத்துக்கொண்டு எழப்போனேன். மறுநாள் காலை வழக்கம்போல இரண்டு பஸ், திருத்தாத பேப்பர் ஒரு கட்டு. அவர் கையை விடவில்லை. அந்த எடத்துலருந்து இன்னொரு தடவ சொல்லு, அவ ஏறும்போது மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நீ சொல்லவே இல்ல, என்றார். நான் அதைக் கவனித்திருக்கவில்லை. உட்கார்ந்து, ரிமோட்டை எடுத்து, பின்னால் ஓட்டினேன்.